கமரா போய்ச் சேரவேண்டிய இடம்

தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் சந்திரனின் பள்ளங்கள் கத்தி விளிம்பு போட்டதுபோல் தெரிகின்றன. அதே தொலைநோக்கியில் கமராவைப் பூட்டியதும் திரையில் வெறும் வெள்ளை மங்கல். குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் தெளியவில்லை. இந்தக் குறையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கமராவைச் சந்தேகிப்பார்கள், இல்லாவிட்டால் தொலைநோக்கி விற்ற கடைக்காரரை. இரண்டு பேரிலும் பிழை இல்லை. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு இருங்கள், ஆறுதலாகப் பார்ப்போம்.

முதலில் அடிப்படை. தொலைநோக்கியின் பெரிய வில்லையோ குழிவாடியோ, தூரத்திலிருந்து வரும் ஒளியை ஒரு குறித்த தூரத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்த இடத்தில், வெறும் காற்றில், சின்னதாக ஒரு சந்திரன் உருவாகி நிற்கிறது. குவியத்தூரம் 1000 மில்லிமீற்றர் என்றால் அந்தச் சந்திரனின் குறுக்களவு 9 மில்லிமீற்றர். கண்ணால் பார்க்கும்போது ஐபீஸ் என்கிற கண்வில்லை அதைப் பெருப்பித்துக் காட்டுகிறது. படம் எடுக்கும்போது கண்வில்லையும் வேண்டாம், கமராவின் சொந்த லென்சும் வேண்டாம். இரண்டையும் கழற்றிவிட்டு, கமராவின் சென்சரைச் சின்னச் சந்திரன் நிற்கும் அதே இடத்தில் வைக்கவேண்டும். தொலைநோக்கியே கமராவுக்கு லென்ஸ் ஆகிவிடும்.

ஆகவே கூர்மை என்பது ஓர் இடத்தைப் பற்றிய விடயம். சென்சர் அந்த இடத்துக்குப் போய்ச் சேர முடியவேண்டும். சேர்ந்தபின் மயிரிழை பிசகாமல் அங்கே நிற்கவேண்டும். இரவு குளிரக் குளிர அந்த இடமே நகரும்போது கூடவே நகரவேண்டும். கமராவைத் திட்டுகிறவர்களில் பலர் முதலாவதிலேயே நின்றுவிட்டவர்கள்.

இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய வடிவம் ஒன்று எங்கள் றிச்மண்ட் ஹில்லிலேயே இருக்கிறது. 16ஆம் அவெனியூவிலிருந்து பேவியூ வழியாக வடக்கே பிள்ளையார் கோயிலுக்குப் போகிறபோது இடப்பக்கம் ஹில்ஸ்வியூ டிரைவ் பிரியும். அந்த மேட்டில், மரங்களுக்கு நடுவே இருப்பது டேவிட் டன்லப் வானாய்வகம். கணவரின் நினைவாக ஜெஸ்ஸி டொனால்டா டன்லப் பணம் கொடுக்க, ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளாரன்ஸ் சான்ட் முன்னின்று கட்டுவித்தார். 1935 மே 31ஆம் திகதி திறந்தார்கள். அன்று சான்டுக்கு 70 வயது நிறைந்தது. உள்ளே இருப்பது 74 அங்குல ஆடி. திறந்த நாளில் உலகத்தில் அதைவிடப் பெரிய தொலைநோக்கி கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் இருந்த 100 அங்குலம் ஒன்றுதான். கனடாவில் இன்றைக்கும் அதைவிடப் பெரியது இல்லை.

அந்த ஆடியின் குவியத்தூரம் ஏறக்குறைய 30 அடி. அது உருவாக்கும் சந்திரன் எட்டுச் சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கும். ஹெலன் சோயர் ஹொக் என்ற வானியலாளர் அங்கே பல ஆண்டுகள் கோள விண்மீன் கொத்துகளைப் படமெடுத்தார். குழாயின் மேல்முனையில், ஒளி சேரும் இடத்தில் ஒளிப்படத் தட்டு. இடையில் கண்வில்லை கிடையாது. நீங்கள் உங்கள் வீட்டுப் பின்வளவில் செய்ய முயல்வதும் அதுவேதான். ஒரேயொரு வித்தியாசம்: அந்தத் தொலைநோக்கியைத் தட்டு வைப்பதற்கென்றே கட்டினார்கள். உங்களுடையதைக் கண் வைப்பதற்காகக் கட்டினார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கமராவை எப்படிப் பூட்டுகிறோம் என்று பாருங்கள். கமராவின் வாயில் ரி-றிங் என்ற வளையம் ஏறுகிறது. அதில் ஒரு குழாய்த்துண்டைத் திருகி, கண்வில்லை இருந்த துளைக்குள் செருகுகிறோம். துளை ஒன்றேகால் அங்குலமாகவோ இரண்டு அங்குலமாகவோ இருக்கும். பழைய வகைக் கனன் கமராவில் வாயிலிருந்து சென்சர் 44 மில்லிமீற்றர் உள்ளே இருக்கிறது, நிக்கனில் 46.5. வளையத்தின் தடிப்பையும் சேர்த்தால் எந்தக் கமராவானாலும் 55 மில்லிமீற்றர் வரும்படி வளையங்களைச் செய்கிறார்கள். அதாவது, கண்வில்லை செருகும் விளிம்பிலிருந்து ஐந்தரைச் சென்ரிமீற்றர் வெளியே போய்த்தான் சென்சர் நிற்கிறது. கண்வில்லையிலோ அது பார்க்கும் இடம் அந்த விளிம்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். கமரா பூட்டினால் ஃபோகசரை, அதாவது குமிழைத் திருப்ப உள்ளும் வெளியும் நகரும் குழாயை, ஐந்தரைச் சென்ரிமீற்றர் உள்ளே தள்ளவேண்டும். குழிவாடி வைத்த மலிவான நியூட்டன் வகைத் தொலைநோக்கிகளில் அவ்வளவு உள்ளே போக இடமில்லை.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பிரகாசமான ஒரு விண்மீனைத் திரையில் வைத்துக்கொண்டு ஃபோகசரை உள்ளே திருப்புங்கள். வெளிச்ச வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து, இன்னும் சுருங்கவேண்டிய நிலையில் ஃபோகசர் முட்டி நின்றுவிட்டால் உங்கள் நோய் இதுதான். சென்சர் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

மருந்துகள் சில உண்டு. ஆகச் சுலபமானது பார்லோ வில்லை. கமராவுக்கு முன்னால் அதைச் செருகினால் ஒளி சேரும் இடம் வெளியே தள்ளிப்போகும். ஆனால் குவியத்தூரம் இரட்டிக்கும், ஒளி நான்கு மடங்கு பரப்பில் சிதறும், படத்துக்கு நான்கு மடங்கு நேரம் கொடுக்கவேண்டும். சந்திரனுக்கும் கோள்களுக்கும் அது நல்லது. மங்கலான நெபுலாவுக்கு உதவாது. இரண்டாவது, ஆடியின் அடித்திருகுகளை நீளமானவையாக மாற்றி ஆடியையே குழாய்க்குள் மேலே ஏற்றுவது. ஆடி எவ்வளவு ஏறுகிறதோ, குவியமும் அவ்வளவு வெளியே வரும். மூன்றாவது, உயரம் குறைந்த ஃபோகசர் வாங்கிப் பூட்டுவது. கண்ணாடியில்லாத புதிய கமராக்களில் சென்சர் வாய்க்கு மிகக் கிட்ட இருக்கிறது. சோனியில் 18 மில்லிமீற்றர், கனனில் 20, நிக்கனில் 16. அதனால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஆனால் அவற்றுக்கு விற்கும் ரி-றிங், அதே 55ஐ நிரப்ப நீளமான குழாயாக வருகிறது. குட்டையான இணைப்பைத் தேடி வாங்கினால்தான் அந்த இலாபம் கைக்கு வரும்.

வில்லைத் தொலைநோக்கியில் நோய் மறுபக்கம். கண்ணால் பார்க்கும்போது கழுத்து நோகாமலிருக்க ஒளியை மடக்கும் மூலைக்கண்ணாடி ஒன்றைப் போடுவோம். அதற்குள் ஒளி கணிசமான தூரம் பயணம் செய்கிறது. அதைக் கழற்றிவிட்டுக் கமராவை நேராகப் பூட்டினால் ஃபோகசரை முழுக்க வெளியே இழுத்தாலும் தூரம் போதாது. நீட்டுக்குழாய் ஒன்று போட்டால் சரி. இருபுறமும் ஆடியுள்ள கட்டைக் குழாய்த் தொலைநோக்கி, அதாவது ஷ்மிட்-கசக்ரெயின் வகை, வைத்திருக்கிறவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. அதில் குமிழைத் திருப்பினால் உள்ளேயிருக்கும் பெரிய ஆடியே முன்னும் பின்னும் நகர்கிறது. எஃப்/2 ஆடியை (எஃப் எண் என்றால் குவியத்தூரத்தைக் குறுக்களவால் வகுத்தது) எஃப்/10 ஆக நீட்டும் வழக்கமான அமைப்பில் ஆடி ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தால் குவியம் 25 மில்லிமீற்றர் நகரும். எந்தக் கமராவும் எட்டிவிடும். ஆனால் அந்த 25 மடங்கு, அடுத்த கட்டத்தில் உங்கள் விரலைச் சோதிக்கும்.

அடுத்த கட்டம் துல்லியம். சென்சர் எவ்வளவு பிசகினால் பரவாயில்லை? அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எஃப் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, ஒளியின் அலைநீளத்தால் பெருக்கி, ஏறக்குறைய ஐந்தால் பெருக்குங்கள். எஃப்/5 தொலைநோக்கியில் பச்சை ஒளிக்கு 0.067 மில்லிமீற்றர் வருகிறது. முன்னும் பின்னும் சேர்த்து உங்களுக்குக் கிடைக்கும் முழு இடமே அவ்வளவுதான். எஃப்/4 என்றால் 0.043. எஃப்/10 என்றால் 0.27, நான்கு மடங்கு தாராளம். வேகமான, அதாவது எஃப் எண் சிறிய, தொலைநோக்கி வாங்கியவர்கள் ஏன் அதிகம் அவதிப்படுகிறார்கள் என்பதற்கு இந்த எண்களே பதில்.

கணக்கில் தொலைநோக்கியின் பருமன் வரவேயில்லை என்பதைக் கவனித்தீர்களா? டன்லப்பின் 74 அங்குலமும் கிட்டத்தட்ட எஃப்/5தான். உங்கள் 8 அங்குல நியூட்டனும் எஃப்/5. தாளில் இரண்டுக்கும் ஒரே இடம். ஆனால் நடைமுறையில் பெரியதுதான் தாராளமாக நடந்துகொள்ளும். காற்று அலைவதால் இந்தப் பக்கத்து வானத்தில் ஒரு விண்மீன் புள்ளியாக நிற்பதில்லை. 3 விகலை, அதாவது ஒரு பாகையின் 1200இல் ஒரு பங்கு, அகலத்துக்குப் பரவுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 அடிக் குவியத்தூரத்தில் அந்தப் பரவல் 0.13 மில்லிமீற்றர். உங்கள் 1000 மில்லிமீற்றரில் 0.0145 மட்டும். சென்சர் 0.1 மில்லிமீற்றர் பிசகினால் எஃப்/5இல் 0.02 மில்லிமீற்றர் மங்கல் சேரும். பெரியதில் அது தெரியவே தெரியாது. சின்னதில் விண்மீனே இரண்டு மடங்காகப் பருத்துவிடும். பின்வளவுக்காரர் வானாய்வகத்தைவிடக் கவனமாகத்தான் ஃபோகஸ் செய்யவேண்டும்.

இந்த அளவுக்குக் கமராவின் பார்வைச் சாளரத்தை நம்ப முடியாது. அது மனிதக் கண்ணைத் திருப்திப்படுத்தச் செய்தது. தானியங்கிக் குவியமும் லென்ஸ் இல்லாமல் வேலை செய்யாது. லைவ் வியூவைப் போட்டு, பிரகாசமான ஒரு விண்மீனைப் பத்து மடங்கு பெருப்பித்துப் பாருங்கள். கோடையில் அபிஜித் நல்லது, வெள்ளையாக இருக்கும். குளிர்காலத்தில் செந்நிறமான திருவாதிரையும் ரோகிணியும் எளிதில் கண்ணில் படும். ஆனால் மலிவான இரட்டை வில்லைத் தொலைநோக்கியில் செந்நிற விண்மீனின் ஒளி சேரும் இடமும் வெள்ளை விண்மீனின் ஒளி சேரும் இடமும் கொஞ்சம் வேறு. அங்கே வெள்ளையானதைத் தேடுங்கள். குமிழை ஒரே திசையில் மெதுவாகத் திருப்பி, விண்மீன் ஆகச் சிறிதாகும் இடத்தைக் கடந்து போய், திரும்பி வாருங்கள். இரண்டு பக்கமும் சமமாகப் பருக்கும் இடங்களைக் கண்டால் நடுவிடம் தானாகவே தெரிந்துவிடும். தட்டுக்காலத்தில் இதையே ஒரே தட்டில் செய்தார்கள். குவியத்தைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு படிக்கும் தொலைநோக்கியைச் சற்று நகர்த்தி, ஒரே விண்மீனை வரிசையாகப் பதிவார்கள். தட்டைக் கழுவியபின் எந்தப் புள்ளி ஆகச் சிறியது என்று பார்ப்பார்கள்.

நமக்கு அதைவிட இலகுவான வழி கிடைத்திருக்கிறது. ரஷ்ய வானியல் ஆர்வலர் பாவெல் பாஹ்டினோவ் 2005இல் கண்டுபிடித்த ஒரு மறைப்புத் தட்டு. தொலைநோக்கியின் வாயை மூடும் அந்தத் தட்டில் மூன்று திசைகளில் சாய்ந்த கீற்றுகள் வெட்டியிருக்கும். ஒளி அவற்றின் வழியாக வளையும்போது விண்மீனைச் சுற்றி ஒரு பெருக்கல் குறியும் அதன் குறுக்கே ஒரு கோடும் தெரியும். குவியம் பிசகியிருந்தால் கோடு ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும். பெருக்கல் குறியின் நட்டநடுவே கோடு வந்ததும் குமிழிலிருந்து கையை எடுங்கள். பூட்டுத்திருகை இறுக்கியபின் இன்னொரு தடவை பாருங்கள். இறுக்கும்போதே குழாய் நகர்வது வழக்கம். ஷ்மிட்-கசக்ரெயினில் கடைசித் திருப்பம் எப்போதும் ஆடியை மேலே தள்ளும் திசையில் முடியவேண்டும். மறுதிசையில் முடித்தால் பிறகு ஆடி தன் பாரத்தில் சரிந்துவிடும்.

பகலிலேயே தூரத்து மின்கம்பிக் கோபுரத்தில் ஃபோகஸ் செய்து வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பார்கள். பூட்டு முறை சரியா, ஃபோகசர் எட்டுகிறதா என்று பார்க்க அது நல்ல ஒத்திகை. சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பவேண்டாம். ஆனால் ஒரு கிலோமீற்றர் தூரத்துக் கோபுரத்தின் குவியம், விண்மீனின் குவியத்திலிருந்து ஒரு மில்லிமீற்றர் வெளியே இருக்கிறது. உங்களுக்குத் தேவை 0.067. இரவில் மறுபடி செய்யத்தான் வேண்டும்.

இனி, எங்கள் ஊருக்கென்றே உரிய தொல்லை: குளிர். ஒரு மீற்றர் நீள இரும்புக் குழாயை 20 பாகை வீட்டிலிருந்து மறை 10 பாகைப் பின்வளவுக்குக் கொண்டுபோனால் அது 0.36 மில்லிமீற்றர் சுருங்கும். அலுமினியம் என்றால் 0.69. அனுமதிக்கப்பட்ட இடத்தைப்போல் ஐந்து, பத்து மடங்கு. வெளியே கொண்டுவந்த கையோடு ஃபோகஸ் செய்வதில் பலனில்லை. குழாய் குளிர்ந்தபிறகும் விடிவதற்குள் இன்னும் 5 பாகை இறங்கினால் இரும்புக்கு 0.06, அலுமினியத்துக்கு 0.115. அந்த ஒரு நகர்வே கையிலிருந்த இடத்தை முழுக்கத் தின்றுவிடும். நியூட்டன் குழாய் சுருங்கும்போது ஆடி ஃபோகசருக்குக் கிட்ட வருகிறது. ஆகவே கமராவைச் சற்று வெளியே இழுக்கவேண்டியிருக்கும். மணிக்கு ஒரு தடவை, அல்லது வெப்பமானி இரண்டு பாகை இறங்கிய ஒவ்வொரு தடவையும் பாஹ்டினோவ் தட்டைத் திரும்பப் போடுங்கள்.

ஆடியும் குளிரவேண்டும். 1917 நவம்பர் முதலாம் திகதி இரவு மவுண்ட் வில்சனில் 100 அங்குலத் தொலைநோக்கியை முதன்முதலாக வியாழனை நோக்கித் திருப்பினார்கள். அதைக் கட்டுவித்த ஜோர்ஜ் ஹேல் கண்ணை வைத்தபோது ஒன்றன்மேல் ஒன்றாக ஆறேழு வியாழன்கள் தெரிந்தன. பகலில் வேலையாட்கள் கூரையைத் திறந்து வைத்திருந்ததால் ஆடி வெயிலில் சூடேறியிருந்தது. காத்திருந்தார்கள். விடியப்புறம் போல ஆடி குளிர்ந்தபின் அபிஜித்தை நோக்கித் திருப்பினால் கூரான ஒற்றைப் புள்ளி. அந்த ஆடி சாதாரணக் கண்ணாடி. டன்லப்பின் 74 அங்குலத்தை அமெரிக்காவின் கோர்னிங் ஆலையில் பைரெக்சில் வார்த்தார்கள். சூட்டுக்கும் குளிருக்கும் அது சாதாரணக் கண்ணாடியின் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே விரிந்து சுருங்கும். பின்வளவுத் தொலைநோக்கிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணிநேரம் கொடுங்கள். சூடான ஆடிக்கு மேலே காற்று, தேத்தண்ணிக் கோப்பைக்கு மேலே ஆவி அலைவதுபோல அலைந்துகொண்டிருக்கும்; அதனூடாக எந்த ஃபோகசும் நிற்காது.

எல்லா மங்கலுக்கும் ஃபோகசைக் குறை சொல்லவும் கூடாது. படத்தை நூறு வீதம் பெருப்பித்துப் பாருங்கள். விண்மீன்கள் நடுவில் ஓட்டையுள்ள வளையமாக இருந்தால் ஃபோகஸ். எல்லாம் ஒரே திசையில் கோடாக இழுபட்டால் தொலைநோக்கி வானத்தோடு சேர்ந்து திரும்பவில்லை. நெளிநெளியாக இருந்தால் கமராவைத் தொட்ட அதிர்வு. இரண்டு விநாடி தாமதம் வையுங்கள். நடுவில் கூர்மையாகவும் ஓரங்களில் சின்னச் சின்ன வால் முளைத்தும் இருந்தால் அது நியூட்டன் ஆடியின் பிறவிக்குணம். திருத்துவில்லை போடலாம், அதையும் பெரும்பாலும் சென்சரிலிருந்து 55 மில்லிமீற்றர் தூரத்தில் வைக்கவேண்டும். ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் மங்கல் என்றால் கமரா சாய்ந்து பூட்டியிருக்கிறது. கோடை இரவில் எல்லாம் சரியாக இருந்து, மெல்ல மெல்ல ஒளிவட்டம் கட்டினால் பனி படிந்திருக்கிறது.

எங்கே வைத்தாலும் கூர்மையே வராத தொலைநோக்கியும் உண்டு. 1990 ஏப்பிரலில் ஏவிய ஹபிள் அப்படித்தான் இருந்தது. அதன் 2.4 மீற்றர் ஆடியின் விளிம்பு ஒரு மில்லிமீற்றரின் ஐந்நூறில் ஒரு பங்கு அளவுக்குத் தவறாகத் தேய்க்கப்பட்டுவிட்டது. நடுவிலிருந்து வந்த ஒளி ஓரிடத்தில் சேர்ந்தது, ஓரத்திலிருந்து வந்த ஒளி வேறிடத்தில். குவியத்தை எங்கே நகர்த்தியும் பயனில்லை. 1993 டிசம்பரில் விண்வெளிவீரர்கள் போய்த் திருத்து ஆடிகளைப் பொருத்திய பிறகே சரியானது. எல்லாம் செய்தும் உங்கள் விண்மீன் ஒரு புள்ளிக்கு வரவில்லை என்றால், அதன்பிறகு ஆடியைச் சந்தேகியுங்கள்.

இவ்வளவு பாடும் படம் அழகாக வருவதற்கு மட்டும்தானா? ஹொக் 1939இல் வெளியிட்ட பட்டியலில் கோளக் கொத்துகளிலுள்ள 1116 மாறுவிண்மீன்கள் இருந்தன. ஆயிரக்கணக்கான விண்மீன்கள் நெருக்கியடிக்கும் கொத்துக்குள் குவியம் கொஞ்சம் பிசகினாலும் பக்கத்துப் புள்ளிகள் இரண்டும் ஒன்றாகிவிடும். எது மங்கியது, எது பிரகாசித்தது என்று சொல்ல முடியாது. 1971இல் அதே 74 அங்குலத்தில் டொம் போல்டன் ஒரு நீல விண்மீனின் நிறமாலைக் கோடுகள் 5.6 நாளுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் அசைவதை அளந்தார். கண்ணுக்குத் தெரியாத பாரமான ஒன்றை அது சுற்றுகிறது என்று காட்டிற்று அந்த அசைவு. அதுதான் இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளை. கோடு தடித்திருந்தால் அசைவை அளந்திருக்க முடியாது. உங்கள் கமராவும் அப்படியே. ஹெர்குலிஸ் மண்டலத்தின் எம் 13 கொத்தைக் கோடையில் எடுத்துப் பாருங்கள். நடுப்பகுதி வெறும் பஞ்சாக வருகிறதா, தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிகிறதா என்பதே உங்கள் ஃபோகசுக்குப் பரீட்சை.

பல்கலைக்கழகம் 2008இல் டன்லப் நிலத்தை விற்றுவிட்டது. நகரத்தின் வெளிச்சம் அதற்கு முன்பே வானத்தை மறைக்கத் தொடங்கியிருந்தது. 1995இல் றிச்மண்ட் ஹில் வெளிச்சக் கட்டுப்பாட்டுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தும் முழுக்கத் தடுக்க முடியவில்லை. 2019இல் அந்த வானாய்வகம் தேசிய வரலாற்றுத் தலமானது. வெளிச்சத்தை நீங்களும் நானும் மாற்ற முடியாது. ஃபோகஸ் மட்டும் எங்கள் கையில் இருக்கிறது. விண்மீனின் ஒளியைச் சின்னப் புள்ளிக்குள் ஒடுக்கினால், வெளுத்த வானத்திலிருந்து அது எழும்பித் தெரியும்.

அதற்கு ஒரு பழக்கத்தை இன்றைக்கே தொடங்குங்கள். ஃபோகசர் குழாயின் பக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவுகோலை ஒட்டுங்கள். பாஹ்டினோவ் கோடு நடுவில் வந்ததும் அளவுகோல் காட்டும் எண்ணையும் அப்போதைய வெப்பநிலையையும் கொப்பியில் எழுதுங்கள். சில இரவுகளின் குறிப்புச் சேர்ந்தால், இத்தனை பாகை இறங்கினால் இவ்வளவு வெளியே என்ற கணக்கு உங்கள் தொலைநோக்கிக்கே உரியதாகக் கிடைத்துவிடும். பிறகு குளிரில் நின்று தேடவேண்டியதில்லை. அந்த எண்ணில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் விரலால் திருத்தலாம். படம் எடுக்குமுன் பாஹ்டினோவ் தட்டைக் கழற்ற மறந்துவிடாதீர்கள்.